அல்-குவாரிஸ்மீ வகுத்த வழி

கணிப்பொறிக்கு வகுக்கும் தீர்வுமுறைக்கு 'அல்காரிதம்' என்று பெயர். கலீஃபா மஃமூன் (813–833) காலத்தில் பக்தாதில் வாழ்ந்த முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மீ அவர்களின் பெயரே இலத்தீனில் அவ்வாறு திரிந்தது. அன்னாரின் 'ஜப்ரு' நூலில் குறியீடே கிடையாது, யாவும் சொற்களே. அதில் ஏறத்தாழப் பாதி எதைப் பற்றியது தெரியுமா? வஸிய்யத்தும் வாரிசுப் பங்கும்!

ஒருவர் 10 திர்ஹம் ரொக்கமும் இரு மைந்தர்களும் விட்டு மரணிக்கிறார். மைந்தருள் ஒருவர் தந்தைக்கு 10 திர்ஹம் கடனாளி. சொத்தில் மூன்றில் ஒன்று அந்நியருக்கு வஸிய்யத்து. கடனாளியின் பங்கைக் கடனில் கழிக்க வேண்டும். அப்பங்கோ கடனில் கழிவதைப் பொறுத்தது! இச்சிக்கலை எவ்வாறு அவிழ்ப்பீர்கள்? அன்னார் அறியாத் தொகையை 'ஷைஉ' (பொருள்) எனக் கொண்டு, ரொக்கத்தோடு கூட்டி, மூன்றாய்ப் பிரித்து, படிப்படியாக 5 எனக் கண்டார்கள். அந்நியருக்கு 5, மற்ற மைந்தருக்கு 5. கடனாளியின் 5 கடனிலேயே கழிந்தது.