கலங்காத தாய் உள்ளம்

சிறு மலர் எனப்படும் புனித குழந்தை தெரேசாளை அறியாத கத்தோலிக்க இல்லம் நம் நாட்டில் இல்லை எனலாம். ரோஜா மலர்களை ஏந்திய அவருடைய சுரூபத்தின்முன் நாம் எத்தனையோ முறை மண்டியிட்டிருக்கிறோம். ஆனால் அந்த மலர் எந்தத் தோட்டத்தில் பூத்தது, அதற்கு நீர் வார்த்த கைகள் யாருடையவை என்று எண்ணிப் பார்த்தோமா? போரும் நோயும் சாவும் மாறி மாறி வந்த ஒரு வீட்டில், பிள்ளைகளை இறைவனுக்கு உகந்தவர்களாக வளர்த்த அவர் தாய் புனித செலி மார்ட்டின் அம்மையாரின் வாழ்க்கையை இங்கே காண்போம்.

பிரான்சு நாட்டின் நார்மண்டிப் பகுதியில் 1831-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் செலி பிறந்தார். கண்டிப்பு மிகுந்த வீடு. விளையாட ஒரு பொம்மைகூட இல்லாத பிள்ளைப் பருவம். தாம் பெறாத கொஞ்சலையும் கனிவையும் பிற்காலத்தில் தம் பிள்ளைகளுக்கு அவர் வாரி வழங்கினார். கன்னியாக விரும்பி மடத்தை நாடினார். அங்கே அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. இதுவும் இறைவன் சித்தமே என்று பணிந்து, லேஸ் பின்னும் தொழிலைக் கற்றார். அலான்சோன் நகரத்து லேஸ் ஊசியாலும் நூலாலும் மட்டுமே செய்யப்படுவது. உலகப் புகழ் பெற்றது. 1853-இல், தம் 21-ஆம் வயதில், சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பெண்கள் தத்தம் வீடுகளில் பின்னிய துண்டுகளை வியாழக்கிழமைதோறும் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவற்றை இணைப்புத் தெரியாமல் ஒன்றாக்கும் நுண்ணிய வேலையைச் செலியே செய்வார்.

1858 ஜூலை 13-ஆம் நாள், கடிகாரக் கடை வைத்திருந்த லூயி மார்ட்டின் என்ற பக்தியுள்ள இளைஞரை மணந்தார். நாள் தவறாமல் அதிகாலை ஐந்தரை மணித் திருப்பலிக்கு இருவரும் செல்வார்கள். வியாபாரம் குறைந்தாலும் ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை என்பதில் லூயி உறுதியாக இருந்தார்.

இறைவன் அவர்களுக்கு ஒன்பது குழந்தைகளைக் கொடுத்தார். ஆனால் சோதனைகளும் தொடர்ந்தன. 1867-இல் ஓர் ஆண் குழந்தை இறந்தது. 1868 ஆகஸ்டில் மற்றோர் ஆண் குழந்தையும், அடுத்த மாதமே செலியின் தந்தையும் இறந்தனர். 1870 பிப்ரவரியில் ஐந்து வயது எலேன், அக்டோபரில் இரண்டு மாதம்கூட நிறையாத ஒரு பெண் குழந்தை! நான்கு ஆண்டுகளுக்குள் நான்கு சின்னஞ்சிறு சவப்பெட்டிகள் அவ்வீட்டிலிருந்து சென்றன. இப்படிப் பறிகொடுப்பதைவிடப் பெறாமலே இருந்திருக்கலாம் என்று சிலர் கூறியபோது, செலி அதை ஏற்கவில்லை. விண்ணகத்தில் தம் குழந்தைகளை மீண்டும் காண்போம் என்று உறுதியாக நம்பினார். அவர் அழாமல் இல்லை. ஆனால் அழுத கண்ணோடு அன்றன்றைய கடமையைச் செய்தார்.

அதே சமயம் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. 1871 ஜனவரியில் எதிரிப் படை அலான்சோனுக்குள் நுழைந்தது. ஒன்பது வீரர்களை மார்ட்டின் வீட்டிலேயே தங்கவைத்து உணவளிக்க வேண்டியதாயிற்று. நாளை என்ன நடக்குமோ என்று ஊரே நடுங்கியது. அந்நாளிலும் அந்த வீட்டில் செபம் நிற்கவில்லை.

1873 ஜனவரி 2-ஆம் நாள் தெரேசாள் பிறந்தார். இரண்டு மாதத்தில் அக்குழந்தையும் சாகக் கிடந்தது. தாய்ப்பால் கிடைத்தாலன்றிப் பிழைக்காது என்றார் மருத்துவர். கணவர் ஊரில் இல்லை. விடியற்காலையில் செலி தனியே நடந்து, செமாலே என்ற சிற்றூரில் இருந்த ரோஸ் என்ற ஏழைப் பெண்ணை அழைத்து வந்தார். குழந்தையை அவள் மடியில் விட்டுவிட்டு மாடிக்குச் சென்று புனித சூசையப்பரிடம் மன்றாடினார். குழந்தை பிழைத்தது. பெற்ற மகள் உயிர் வாழ, ஓராண்டுக்கு மேல் அவளை ரோசின் குடிசையில் வளரவிட்டு, பிரிவைத் தாங்கிக்கொண்டார்.

செலி பிள்ளைகளுக்கு நீண்ட உபதேசம் செய்தவர் அல்லர். காலையும் மாலையும் அவர்களோடு சேர்ந்து செபித்தார். மே மாதத்தில் தேவமாதாவுக்குப் பூக்களால் பீடம் அலங்கரித்தார். இயேசுவுக்காகச் செய்யும் சிறு சிறு தியாகங்களை மணி நகர்த்தி எண்ணும் பழக்கம் அவ்வீட்டில் இருந்தது.

எல்லாப் பிள்ளைகளும் எளிதில் வளர்ந்துவிடவில்லை. மூன்றாம் மகள் லியோனி நோயாளி. படிப்பில் மந்தம், பிடிவாதம் அதிகம். செலியின் தமக்கை கன்னியாக இருந்த லெ மான் மடத்துப் பள்ளியிலிருந்து இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டாள். தாயின் சொல்லையும் அவள் கேட்கவில்லை. காரணம் புரியாமல் செலி வேதனைப்பட்டார். 1876 டிசம்பரில் மருத்துவர், மார்பில் உள்ள கட்டி அறுவை சிகிச்சைக் கட்டத்தைக் கடந்துவிட்டது என்றார். தம்மை நினைத்தல்ல, தமக்குப் பின் லியோனியின் கதி என்னவோ என்று நினைத்தே அத்தாய் கலங்கினார்.

1877-இன் தொடக்கத்தில் உண்மை வெளிவந்தது. வீட்டுப் பணிப்பெண், தனக்கு மட்டுமே கீழ்ப்படிய வேண்டும் என்று லியோனியை இரகசியமாக மிரட்டி அடக்கி வைத்திருந்தாள். அதை அறிந்த செலி, அவள் இனி லியோனியோடு பேசக்கூடாது என்று தடுத்தார். மகளைத் தம் அருகிலேயே வைத்துக்கொண்டார். அச்சம் நீங்கிய லியோனி தாயைவிட்டுப் பிரியவே இல்லை. செலிக்கு இவ்வுலகில் எஞ்சியிருந்தவை சில மாதங்களே. அவற்றை அந்த மகளை மீட்கச் செலவிட்டார்.

ஜூன் மாதத்தில் மூத்த பெண்கள் மூவருடன் லூர்து நகருக்குத் திருயாத்திரை சென்றார். நோய் குணமாகவில்லை. ஆயினும் வீடு திரும்பியபோது முகம் வாடவில்லை. அதைக் கண்டு லூயியே வியந்தார். 1877 ஆகஸ்ட் 28-ஆம் நாள், 45-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அப்போது தெரேசாளுக்கு வயது நான்கு.

விதைத்தவர் மறைந்தாலும் விளைச்சல் வீணாகவில்லை. ஐந்து பெண்களும் கன்னியர் ஆனார்கள். நால்வர் லிசியே கார்மேல் மடத்தில் சேர்ந்தனர். லியோனியோ மூன்று முறை மடம் புகுந்து திரும்பி வந்து, 1899-இல் நான்காம் முறை கான் நகரத்து மடத்தில் சேர்ந்து, 1941-இல் இறக்கும்வரை நிலைத்திருந்தார். அவரைப் புனிதராக உயர்த்துவதற்கான பணி 2015-இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ், லூயியையும் செலியையும் ஒன்றாகவே புனிதர்களாக அறிவித்தார்.

அன்புத் தோழியரே, துன்பமே அணுகாதபடி பிள்ளைகளைக் காக்க எந்தத் தாயாலும் இயலாது. துன்பத்தின் நடுவே கைவிடாத அன்பைக் காட்ட இயலும். வேலையும் வருமானமும் நிலையில்லாமல், நோயும் கவலையுமாக நம் பெற்றோர் தவிக்கும் நாள்களில், நம்மை அதட்டினாலும் அதன் பின்னே உள்ள அன்பை நாம் உணர்வோம். வகுப்பிலோ வீட்டிலோ ஒரு லியோனி இருந்தால், பட்டப்பெயர் வைக்குமுன் அவள் மனத்தில் உள்ள அச்சத்தைக் கேட்டறிவோம். புனித செலி அம்மையாரே, எங்கள் இல்லங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!