தண்ணீருக்காக 17 ஆண்டுகள்: தந்தை தெம்பிளேக்கே

பழங்குடி கிராமங்களுக்குக் குடிநீர் கொண்டுசெல்லும் பணி என்றதும் ஆழ்துளைக் கிணறு, கைப்பம்பு, வடிகட்டும் தொட்டி ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. விடுமுறையில் போய்ச் சில வாரங்கள் தங்கி, குழாய் பதித்துவிட்டுத் திரும்பும் இளைஞர் குழுக்களையும் நாம் அறிவோம். நல்ல பணிதான். அதே பணிக்காகப் போய் 17 ஆண்டுகள் அதிலேயே இருந்துவிட்ட ஒரு துறவியை இன்று நினைத்துப் பார்ப்போம். அவர் பெயர் பிரான்சிஸ்கோ தெ தெம்பிளேக்கே. ஸ்பெயின் நாட்டில் தொலேதோ பகுதியிலுள்ள தெம்பிளேக்கே என்ற ஊரைச் சேர்ந்தவர், பிரான்சிஸ்கன் சபைத் துறவி. மெக்சிகோ மக்கள் இன்றும் அவரைத் தந்தை தெம்பிளேக்கே என்றே அழைக்கிறார்கள்.

பிரான்சிஸ்கன் சபையின் முதல் 12 துறவிகள் 1524ஆம் ஆண்டு மெக்சிகோ வந்து சேர்ந்தார்கள். தெம்பிளேக்கே அவர்களுக்கு அடுத்த தலைமுறை. அவர் பணியாற்றிய ஒட்டும்பா, தியோத்திவாக்கான் பிரமிடுகளுக்கு அருகே, உயர்ந்த பீடபூமியில் இருக்கும் வறண்ட ஊர். 1520ஆம் ஆண்டு ஸ்பானியப் படைக்கும் மெக்சிக்கா மக்களுக்கும் கடும் போர் நடந்த சமவெளியும் அதுவே. போர் முடிந்து ஒரு தலைமுறைக்குள், தோற்றவர்களின் பிள்ளைகளிடையே, வென்றவர்களின் நாட்டிலிருந்து வந்த துறவி ஒருவர் வாழ வேண்டியிருந்தது. 1545இல் தொடங்கிய பெரும் கொள்ளைநோய் வேறு அந்நாட்டு மக்களை வாரிக்கொண்டு போயிருந்தது.

ஒட்டும்பாவில் ஊற்றும் இல்லை, ஆறும் இல்லை. மழைநீரைக் குட்டைகளில் தேக்கி வைத்து, அதையே நாவா மக்கள் ஆண்டு முழுவதும் குடித்து வந்தார்கள். வேராக்குருஸ் துறைமுகத்திலிருந்து தலைநகருக்குச் செல்லும் பாதை அவ்வழியே போனது. ஸ்பானியர்களின் மாடுகளும் கோவேறு கழுதைகளும் அந்தக் குட்டைகளில் இறங்கின; தண்ணீர் குறைந்தது, இருந்ததும் சேறாயிற்று. மக்களின் தண்ணீரைக் கெடுத்தவர்கள் துறவியின் சொந்த நாட்டவர்கள். இது அவர் மனத்தை எவ்வளவு அறுத்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும். அவர் செய்த வேலை மட்டும் நம் கண்முன் இருக்கிறது.

நல்ல ஊற்றுகள் செம்போவாலா பக்கம், தெக்காஹேத்தே மலையடிவாரத்தில் இருந்தன. அவை வேறு ஊராருக்குச் சொந்தம். எனவே முதல் வேலை கல்வெட்டுவதாக இல்லை, பேச்சுவார்த்தையாக இருந்தது. செம்போவாலா மக்கள் தங்கள் நீரில் பங்கு கொடுக்க இசைந்தார்கள். பதிலுக்குத் தங்கள் ஊரிலும் துறவிகள் தங்கி ஞானப்பணி செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். இந்தப் பகுதியைப் பலர் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் கொடுத்தவர்கள் பழங்குடி மக்கள். தாகமாயிருந்த இயேசு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டதை நினைவில் வைத்திருக்கும் நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

1555இல் தொடங்கிய வேலை 1572இல் முடிந்தது. தெம்பிளேக்கே கட்டடக்கலை பயின்றவர் அல்லர். கிளைகளையும் சேர்த்து ஏறக்குறைய 48 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கால்வாயில் பெரும்பகுதி மண்ணுக்கு அடியில் போகிறது. எந்த இயந்திரமும் இன்றி, நிலத்தின் சரிவை மட்டும் நம்பி நீர் ஓட வேண்டும். சரிவு கூடினால் வேகம் கரையை அரிக்கும், குறைந்தால் நீர் தேங்கும். பள்ளம் குறுக்கிடும் இடங்களில் கல் வளைவுகள் எழுப்பி, அவற்றின் மேல் கால்வாயைக் கொண்டுபோனார்கள்.

அவற்றில் பெரியது தெப்பேயாவால்கோ என்னும் இடத்தில், பாப்பலோத்தே ஆற்றுப் பள்ளத்தின் மேல் நிற்கிறது. 900 மீட்டருக்கும் அதிகமான நீளம். நடுப்பகுதியின் உயரம் கிட்டத்தட்ட 39 மீட்டர். நீர்ப்பாலங்களில் ஒரே அடுக்காகக் கட்டப்பட்ட வளைவுகளில் உலகிலேயே உயரமானவை இவையே. கல் வளைவு கட்டும்போது, சாந்து இறுகும்வரை அதைக் கீழிருந்து தாங்க ஒரு சாரம் வேண்டும். ஐரோப்பாவில் அதை மரத்தால் செய்வார்கள். இங்கே பழங்குடிக் கொத்தர்கள் தங்கள் முன்னோர் வழியில் பச்சைச் செங்கல்லை அடுக்கி, அதையே சாரமாக்கினார்கள். வளைவு என்ற எண்ணம் ரோமையிலிருந்து வந்தது. அதை நிறுத்திக் காட்டிய கைத்திறன் மெக்சிகோ மண்ணுடையது.

அந்த வளைவுகளின் அடியிலே பெத்லகேம் அன்னையின் பெயரால் சிறு ஆலயம் ஒன்று இருந்தது. தெம்பிளேக்கே ஆண்டுக்கணக்கில் அங்கே தனியாகத் தங்கினார். துணைக்கு ஒரு பூனை. அது வேட்டையாடிக் கொண்டுவரும் முயலையும் காடையையும் உண்டு அவர் வாழ்ந்தார் என்றும், ஒருமுறை விருந்தாளியாக அதிகாரி ஒருவர் வந்தபோது பூனை இரண்டு முயல்கள் கொண்டுவந்தது என்றும் கதை உண்டு. கதையை விரும்பினால் நம்பலாம். தனியாக இருந்தார், எளிய உணவு உண்டார் என்பது நிச்சயம்.

எதிர்ப்பும் இருந்தது. இது நடக்காத வேலை, மக்களை வீணாக வருத்துகிறது என்று சக துறவிகளிலேயே சிலர் எண்ணினார்கள். அந்தக் கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஊர்முறைப்படி ஆள் அனுப்பிப் பொதுவேலை செய்வது அம்மக்களின் பழைய வழக்கம்தான்; ஆனால் அக்காலத்தில் அந்த வழக்கத்தையே ஆட்சியாளர்கள் கட்டாய உழைப்பாகவும் மாற்றியிருந்தார்கள். நாம் இன்று சொல்லும் தன்னார்வப் பணியோடு இதை அப்படியே ஒப்பிடக்கூடாது. கொள்ளைநோயில் குறைந்துபோன மக்கள் 17 ஆண்டுகள் கல் சுமந்தார்கள். தெம்பிளேக்கேயைப் புகழும்போது அந்த விலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே நேரத்தில், அவர்கள் சுமந்த கல் ஆளுநர் மாளிகைக்குப் போகவில்லை. அவர்கள் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரைத் தாங்கியது. தன் ஆயுளின் நல்ல ஆண்டுகளை எல்லாம் தெம்பிளேக்கேயும் அங்கேயே செலவிட்டார்.

முதுமையில் அவர் பார்வை இழந்தார் என்று பழைய பிரான்சிஸ்கன் வரலாறுகள் கூறுகின்றன. வளைவுகள் அவருக்குப் பின்னும் நின்றன. 2015ஆம் ஆண்டு யுனெஸ்கோ அந்த நீர்வழியை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அறிவிப்பில் துறவியின் பெயரோடு, உள்ளூர்ப் பழங்குடி சமூகங்களின் துணையும் குறிப்பிடப்பட்டது.

தெப்பேயாவால்கோ தூண்களை அருகில் போய்ப் பார்ப்பவர்கள் கற்களில் சிறு சிறு குறிகள் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். எழுத்துக்கு முன்பே தங்களிடம் இருந்த சித்திரக் குறிகளால், கட்டியவர்கள் தங்கள் அடையாளத்தை விட்டுச் சென்றிருக்கிறார்கள்.