டாக்டர் வில்லியம் மில்லர்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி முதலிய சுற்றூர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் இளைஞருட் சிலர், பட்டம் பெற்றபின் ஓராண்டேனும் அயல்நாடு சென்று, ஊதியங் கருதாது ஆங்கிலங் கற்பித்தும் ஊர்ப்பணி புரிந்தும் வரவேண்டுமென்று விரும்புகின்றனர். விருப்பம் மிக நல்லதே. ஆயின் பிறர் நாட்டிற்குக் கற்பிக்கச் செல்வோன் எத்தகைய மனத்தோடு செல்லவேண்டும் என்பதை முன்னரே ஆராய்ந்து கொள்ளுதல் நன்று. அதற்கு, கற்பிப்பதற்கென்றே நம் நாட்டிற்கு வந்து, நாற்பத்தைந்து ஆண்டுகள் இங்கே உழைத்த டாக்டர் வில்லியம் மில்லரின் வரலாறு பெரிதும் துணை செய்யும்.

மில்லர் 1838-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 13-ஆம் நாள், ஸ்காத்லாந்து தேசத்தின் வடகோடியில், கடலோரத்திலுள்ள தர்ஸோ என்னும் ஊரிற் பிறந்தார். அபர்தீனிலும் எடின்பரோவிலும் கல்வி பயின்று குருப்பட்டம் பெற்றார். தம் நாட்டிலேயே சிறந்த பதவிகளை அடையத்தக்க புலமை அவருக்கு இருந்தது. எனினும் 1862-ஆம் ஆண்டின் இறுதியில், இருபத்துநான்கு வயதில், அவர் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்.

ஜான் ஆண்டர்சன் என்னும் பாதிரியார் 1837-இல் தொடங்கிய பள்ளிக்கூடமே அவருக்குக் கிடைத்த வேலைக்களம். ஆண்டர்சன் 1855-இல் மறைந்தபின் அது தளர்ச்சியுற்றிருந்தது. மாணாக்கர் சிலர் மதம் மாறியதால் ஊராரிடையே எழுந்த ஐயமும் முற்றும் நீங்கவில்லை. மில்லர் மனஞ்சோரவில்லை. வகுப்புகளை ஒழுங்குபடுத்தி, பாடங்களை உயர்த்தினார். 1865-இல் எப்.ஏ. வகுப்பும், 1867-இல் பட்ட வகுப்பும் தொடங்கின. பல திருச்சபையாரும் தனித்தனியே சிறு கல்லூரிகள் நடத்துவதினும், யாவரும் கூடி ஒரு பெருங் கல்லூரியை நடத்துவதே நலமென்று அவர் எடுத்துரைத்தார். அம்முயற்சி கைகூடி, 1877-இல் அந்நிலையம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்னும் பெயர் பெற்றது.

அவர் மணம் புரிந்துகொள்ளவில்லை. தம் சொந்தப் பொருளையும் கல்லூரிக்கே செலவிட்டார். வெளியூர்களிலிருந்து வந்த பிள்ளைகள் நகரத்தில் தங்க இடமின்றி இடர்ப்படுதலைக் கண்டு, அவர்களுக்கு விடுதிகள் அமைத்தார். வகுப்பிலே அவர் ஷேக்ஸ்பியர் நாடகங்களை நடத்துங்கால், சொற்பொருள் கூறுவதோடு நின்றாரல்லர். பாத்திரங்களின் குற்றங்குறைகளை நம் நாட்டு வாழ்க்கையோடு பொருத்திக் காட்டி, மாணாக்கரைச் சிந்திக்கச் செய்தார். லியர் அரசன் நாடகத்தை இந்திய அரசியலோடு ஒப்பிட்டு ஆராயும் நூலொன்றை 1900-இல் வெளியிட்டார். அவர் கற்பித்த ஆங்கிலம், வெறும் உத்தியோகத்திற்கு ஏறும் படியாக மட்டும் இருக்கவில்லை.

இவ்வாறு உழைத்தவர்க்குப் பழியும் வந்தது. தாய்நாட்டிலிருந்து பணம் அனுப்பிய சபையாருட் சிலர், இத்தனை ஆண்டுக் கல்வியால் எத்தனை பேர் திருமுழுக்குப் பெற்றனரென்று கணக்குக் கேட்டனர். அப்பொருளைச் சிற்றூர்களில் வாழும் எளிய மக்களுக்குச் செலவிடுதலே தக்கதென்றும் வாதிட்டனர். தம் வாழ்நாட் பணியையே வீணென்று சொல்லும் இவ்வினாவிற்கு மில்லர் அஞ்சவில்லை. நிலத்தைப் பண்படுத்துவோன் விளைவைத் தானே அறுக்கவேண்டுமென்று எதிர்பார்த்தலாகாது என்பது அவர் கொள்கை. கல்வி மக்களின் எண்ணத்தை மெல்ல மெல்ல மாற்றும். கற்றோரிடமிருந்து அது மற்றையோருக்கும் பரவும் என்று அவர் நம்பினார். அவரைக் குறைகூறிய அதே சபை, 1896-இல் தன் பேரவைத் தலைமையை அவருக்கு அளித்தது.

கற்பிக்க வந்த அவர், கற்றுக்கொள்ளவும் அறிந்திருந்தார். பின்னாளிற் பரிதிமாற் கலைஞர் எனப் பெயர்பெற்ற வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் அவருடைய மாணாக்கர். ஒருநாள் டென்னிஸன் பாட்டை விளக்கிய மில்லர், படகின் துடுப்புகளை அன்னத்தின் சிறகுகளுக்கு ஒப்பிட்ட அழகை வியந்தாராக, அவ்வுவமையைக் கம்பர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அமைத்துள்ளாரென்று சாஸ்திரியார் எழுந்து கூறினாரென்றும், ஆசிரியர் சினவாது மகிழ்ந்தாரென்றும் சொல்லுவர். பட்டம் பெற்றதும் தத்துவ ஆசிரியர் பதவியை மில்லர் அளிக்க, சாஸ்திரியார் தமிழாசிரியர் பதவியையே வேண்டிப் பெற்றார். அக்காலத்தில் தமிழாசிரியர்க்குப் பெருமை குறைவு. மாணாக்கனின் விருப்பத்திற்கு இடங்கொடுத்த அச்செயலால், தமிழின் உயர்தனிச் செம்மையை நிலைநாட்டப் போராடிய ஒருவர் நமக்குக் கிடைத்தார். அவர் 1903-இல் முப்பத்துமூன்று வயதில் மறைந்தபோது, மில்லர் பெரிதும் வருந்தினார்.

அரசாங்கமும் மில்லரை மதித்தது. 1882-ஆம் ஆண்டுக் கல்விக் குழுவில் அவர் ஓர் அங்கத்தினர். 1901 முதல் 1904 வரை சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தர். அவர் உயிரோடிருக்கும்போதே, மாணாக்கரும் அன்பரும் 1901-இல் அவருக்குச் சிலை நாட்டினர். 1907-இல் தாய்நாடு திரும்பி, 1923-இல் எடின்பரோவில் உயிர் நீத்தார். அவர் வளர்த்த கல்லூரி 1937-இல் தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்தது.

ஒன்று மட்டும் ஒளியாமற் சொல்லவேண்டும். கற்றோர் வழியாகக் கல்வி சிற்றூர்க்கும் இறங்குமென்ற அவர் நம்பிக்கை முழுதும் நிறைவேறியதென்று கூற இயலாது. பட்டம் பெற்றோர் பலர் உத்தியோகத்தை நாடினரேயன்றி, தம் ஊரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மில்லரைக் குறைகூறியோர் கேட்ட வினாவில் ஒரு பாதி இன்றும் விடையின்றியே நிற்கிறது. அவ்விடையை அவர் எழுதியிருக்க முடியாது. அவரிடங் கற்றவரும், கற்றவரிடங் கற்ற நாமுமே எழுதவேண்டும்.

ஆதலால், அயல்நாடு செல்ல விழையும் மாணவ நண்பர்களே, செல்லுங்கள். ஓராண்டிற் பயனை அளந்து பாராதீர்கள். அந்நாட்டார் மொழியையும் அறிவையும் மதித்துக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்குமுன், உங்கள் தெருவிலேயே ஆங்கில எழுத்தறியாது பள்ளிக்குச் செல்லும் பிள்ளையொன்று உளதாயின், அதன் அருகில் ஒரு மாலைப்பொழுது அமருங்கள். தர்ஸோவிலிருந்து ஒருவர் கடல் கடந்து வந்ததன் பயன் அங்கேதான் நிறைவெய்தும்.