ஓடிய கால்களும் ஓயாத உள்ளமும்

விளையாட்டு வீரரின் வலிமை உடலில் மட்டும் உறைவதன்று. போட்டியின் அழுத்தத்தைத் தாங்குவதும் இழப்பிலிருந்து மீள்வதும் உள்ளத்தின் ஆற்றலைச் சார்ந்தவை. எத்தியோப்பிய மாரத்தான் வீரர் அபேபே பிக்கிலாவின் வாழ்வு இவ்வுண்மைக்குச் சான்றாகும்.

1932ஆம் ஆண்டு எத்தியோப்பியாவின் ஜாத்தோ என்னும் சிற்றூரில் பிறந்த பிக்கிலா, பேரரசரின் மெய்க்காவல் படையில் வீரராகப் பணியாற்றினார். அவருடைய திறனை, சுவீடன் நாட்டுப் பயிற்சியாளர் ஒன்னி நிஸ்கானன் செம்மைப்படுத்தினார். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக் போட்டியின்போது பிக்கிலாவின் கால்களுக்குக் காலணிகள் பொருந்தவில்லை. பெரும்போட்டிக்கு முன் நேரும் சிறு இடையூறும் வீரரின் மனத்தைக் குலைக்கக்கூடும். அவரோ, பயிற்சியில் பழகியவாறே வெறுங்காலுடன் ஓடத் துணிந்தார். பழகிய ஒன்றைப் பற்றிக்கொள்வது பதற்றத்தைத் தணிக்கும் வழியாகும். 2 மணி 15 நிமிடம் 16 நொடிகளில் ஓடி முடித்து, ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் என்னும் பெருமையைப் பெற்றார்.

வென்றவர்மீது உலகின் எதிர்பார்ப்பு பெருஞ்சுமையாக ஏறுவது இயல்பு. 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கிற்குச் சில வாரங்களுக்கு முன் அவருக்குக் குடல்வால் அறுவை மருத்துவம் நடைபெற்றது. எனினும், அச்சுமையையும் உடல்நலக் குறைவையும் வென்று மீண்டும் தங்கம் பெற்றார். ஒலிம்பிக் மாரத்தானில் இருமுறை வென்ற முதல் வீரர் அவரே. 1968ஆம் ஆண்டு மெக்சிகோ நகரில் கால் காயத்தால் பாதி வழியிலேயே விலக நேர்ந்தது.

அதனினும் கொடிய சோதனை 1969ஆம் ஆண்டு வந்தது. மகிழுந்து விபத்தில் அவர்தம் கால்கள் நிரந்தரமாகச் செயலிழந்தன. ஓட்டத்தையே தம் அடையாளமாகக் கொண்ட ஒருவருக்கு, அதனை இழத்தல் தம்மையே இழத்தலுக்கு ஒப்பாகும். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் அவர் சிகிச்சை பெற்றார். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டோரின் மறுவாழ்வுக்கு விளையாட்டையே மருந்தாக்கிய இடம் அது. அடுத்த ஆண்டே சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தையிலும் மேசைப் பந்தாட்டத்திலும் பங்கேற்றார். 1971ஆம் ஆண்டு நார்வேயில் நடைபெற்ற பனிச்சறுக்கு வண்டிப் போட்டியில் வெற்றியும் கண்டார்.

1973ஆம் ஆண்டு, தம் 41ஆம் அகவையில் அவர் மறைந்தார். பதக்கங்களை ஈட்டித்தந்த கால்கள் ஓய்ந்த பின்னரும், எட்டக்கூடிய புதிய இலக்குகளை அவர் தேடிக்கொண்டார். துணைநிற்போரின் அரவணைப்பும், வெற்றி தோல்விகளைக் கடந்து தம்மை மதிக்கும் பண்புமே ஒரு வீரரின் மனநலத்தைக் காக்கும் அரண்களாகும்.