டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

முன்னுரை

‘டீசல்’ என்னும் சொல்லைக் கேட்காமல் நம் நாள் ஒன்றும் கழிவதில்லை. பேருந்தும் லாரியும் ஓடுவது டீசலால். மின்சாரம் எட்டாத காலத்தில் நம் கிராமத்துக் கிணறுகளில் நீர் இறைத்ததும், நெல்லையும் மாவையும் அரைத்துத் தந்ததும் டீசலால் ஓடிய ‘ஆயில் எஞ்சின்’களே. ஆனால் அந்தச் சொல் ஓர் எண்ணெயின் பெயராவதற்கு முன்னால் ஒரு மனிதரின் பெயராக இருந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தாம் ரூடால்ப் டீசல். சிறு தொழிலாளிக்கு உதவ வேண்டும் என்று கனவு கண்டு, அந்தக் கனவு பலித்ததைக் காணாமலே மறைந்த அம்மேதையின் வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

ரூடால்ப் டீசல் 1858ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் பிரான்சு நாட்டின் தலைநகரான பாரிசில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர். தந்தை தியோடர் தோல் பொருள்கள் செய்து விற்கும் சிறு தொழிலாளி. தாய் எலிஸ். தந்தையின் பட்டறையில் செய்த பொருள்களைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிச் சென்று, வாடிக்கையாளர் வீடுகளில் சேர்ப்பது சிறுவன் ரூடால்பின் வேலை. ஓய்வு கிடைத்தால் போதும், பாரிசின் தொழிற்கலை அருங்காட்சியகத்துக்கு ஓடிவிடுவான். அங்கே நூறாண்டுகளுக்கு முன்பு கூனியோ என்பவர் செய்த நீராவி வண்டி வைக்கப்பட்டிருந்தது. அதன் முன்னால் நின்று சக்கரத்தையும் கொதிகலனையும் படமாக வரைந்து பழகுவான்.

1870இல் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போர் மூண்டது. ஜெர்மானியர் பாரிசில் வாழ வழியில்லாது போயிற்று. டீசல் குடும்பம் உடைமைகளை விட்டுவிட்டு இலண்டனுக்குப் புறப்பட்டது. அங்கும் வறுமையே வரவேற்றது. ஆகவே பெற்றோர் பன்னிரண்டு வயது மகனை ஜெர்மனியில் உள்ள ஆக்ஸ்பர்க் நகருக்கு உறவினரிடம் அனுப்பி வைத்தனர். கணித ஆசிரியரான அந்த உறவினர் அவனை அன்போடு வளர்த்துப் படிக்கவும் வைத்தார். பதினான்கு வயதில், தான் ஒரு பொறியாளன் ஆகப்போவதாகப் பெற்றோருக்குக் கடிதம் எழுதினான். சொன்னபடியே தொழிற்பள்ளியில் முதல் மாணவனாகத் தேறினான். 1875இல் உதவித்தொகை பெற்று முனிச் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தான்.

வகுப்பறையில் விழுந்த விதை

முனிச்சில் டீசலுக்குப் பேராசிரியராக வாய்த்தவர், குளிரூட்டும் இயந்திரத்தால் புகழ்பெற்ற கார்ல் வான் லிண்டே. ஒரு நாள் அவர், நீராவி எஞ்சினில் எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் நூற்றுக்கு ஆறு முதல் பத்துப் பங்கு மட்டுமே வேலையாக மாறுகிறது என்று விளக்கினார். எஞ்சிய வெப்பம் எல்லாம் வீணே! மற்ற மாணவர்கள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டனர். டீசலோ குறிப்பேட்டின் ஓரத்தில், இதைச் சரிசெய்ய வழி தேட வேண்டும் என்று தமக்கே ஒரு குறிப்பு எழுதிக்கொண்டார். அதற்குப் பின் அந்த எண்ணம் அவரை விடவில்லை.

1879இல் இறுதித் தேர்வு நேரத்தில் நச்சுக் காய்ச்சலில் படுத்துவிட்டார். மனம் தளரவில்லை. அடுத்த தேர்வு வரும் வரை சுவிட்சர்லாந்தில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் கைவேலை பழகினார். 1880 சனவரியில் தேர்வெழுதி, கல்லூரியிலேயே மிக உயர்ந்த மதிப்பெண்களோடு தேறினார். பிறகு லிண்டேயின் நிறுவனத்தில் சேர்ந்து பாரிசில் பனிக்கட்டி இயந்திரங்களை நிறுவும் பணியில் ஈடுபட்டார். 1883இல் மார்த்தா என்னும் நங்கையை மணந்தார். மூன்று மக்கள் பிறந்தனர். 1890இல் குடும்பம் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தது.

டீசல் தேடியது சிக்கனம் மட்டுமன்று. அக்காலத்து நீராவி எஞ்சின் பெரும் உருவம் உடையது, விலையும் மிகுதி. அதைப் பெரும் முதலாளிகளே வாங்க முடியும். அவர்களோடு போட்டியிட இயலாமல் தச்சரும் நெசவாளரும் கொல்லரும் நசிந்து போயினர். சிறு பட்டறையிலும் வைத்து ஓட்டத்தக்க, குறைந்த செலவில் இயங்கும் எஞ்சின் ஒன்று கிடைத்தால் இவர்கள் தலைநிமிர்ந்து வாழலாமே என்று அவர் எண்ணினார். தோல் பட்டறையில் பிறந்து கைவண்டி தள்ளிய பிள்ளை அல்லவா!

தீக்குச்சி இல்லாத தீ

மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்றை அழுத்தினால் அது சூடேறும் என்பதே காரணம். மலேயா முதலிய நாடுகளில் ஒரு சிறு குழாயில் காற்றை வேகமாக அழுத்தியே தீ மூட்டும் வழக்கம் பண்டைக் காலத்திலிருந்து இருந்தது. டீசல் எஞ்சினின் அடிப்படையும் இதுவே. உருளைக்குள் காற்றை மட்டும் இழுத்து, பிஸ்டனால் மிக நெருக்கி அழுத்தினால் 500 பாகைக்கும் மேல் வெப்பம் ஏறும். அந்த நொடியில் எண்ணெயைத் தூறலாகத் தெளித்தால் பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வெடிப்பின் வேகத்தில் பிஸ்டன் கீழே தள்ளப்படும், சக்கரம் சுழலும்.

1892இல் டீசல் இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டு தம் கொள்கையை விளக்கி ஒரு நூலும் வெளியிட்டார். ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் எஃகு உற்பத்தியில் பெயர்பெற்ற குரூப் நிறுவனமும் துணை நிற்க முன்வந்தன. 1893 ஆகஸ்டு 10ஆம் நாள் முதல் சோதனை நடந்தது. எரிபொருள் பற்றியது உண்மை. ஆனால் அழுத்தம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. அதன் துண்டுகள் அருகில் நின்றவர்களைத் தாக்காமல் போனது நற்பேறே. 1894 பிப்ரவரி 17இல் எஞ்சின் தன் சொந்தப் பலத்தால் ஒரு நிமிட நேரம் ஓடியது. ஒரே ஒரு நிமிடம்! அந்த ஒரு நிமிடத்தை நம்பி மேலும் மூன்று ஆண்டுகள் உழைத்தார். வால்வு கசிந்தது, வளையம் தேய்ந்தது, எண்ணெய் புகைந்தது. ஒவ்வொன்றையும் கழற்றித் திருத்தி மீண்டும் பூட்டினார்.

1897 பிப்ரவரி 17ஆம் நாள் பேராசிரியர் ஷ்ரோட்டர் முன்னிலையில் முறையான சோதனை நடைபெற்றது. வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கு வேலையாக மாறியது என்று கணக்கிட்டனர். நீராவி எஞ்சின் தந்ததைப் போல இருமடங்குக்கும் மேல்! உலகம் வியந்தது. பல நாட்டு நிறுவனங்கள் உரிமை கேட்டு வந்தன. அமெரிக்க உரிமைக்கு மட்டும் 10 இலட்சம் மார்க்குகள் கிடைத்தன. 1900இல் பாரிசு உலகப் பொருட்காட்சியில் டீசல் எஞ்சின் உயரிய பரிசு பெற்றது. அங்கே ஓர் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியதாம்! பிற்காலத்தில் டீசல் தாவர எண்ணெயின் பயன் குறித்துப் பேசினார். நிலத்தில் விளையும் எண்ணெயால் உழவரின் எஞ்சின் ஓடும் காலம் வரலாம் என்பது அவர் நம்பிக்கை.

புகழும் துயரும்

வெற்றிக்குப் பின் இன்பமே வரும் என்று நாம் எண்ணுகிறோம். டீசலுக்கு அப்படி அமையவில்லை. 1898இல் கெம்ப்டன் நகரத் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குக் கொடுத்த எஞ்சின் அடிக்கடி பழுதாகி அவருக்குப் பெரும் தலைவலி தந்தது. காப்புரிமை வழக்குகள் ஒரு பக்கம். ஓயாத உழைப்பால் உடல்நலம் கெட்டு, அதே ஆண்டில் மருத்துவ இல்லத்தில் தங்க நேர்ந்தது. கிடைத்த பெரும் பணத்தை நிலங்களிலும் பிற முதலீடுகளிலும் போட்டு இழந்தார்.

இவற்றைவிடப் பெரிய ஏமாற்றம் ஒன்று உண்டு. அவருடைய 1897ஆம் ஆண்டு எஞ்சின் மூன்று மீட்டர் உயரம்! எண்ணெயை உள்ளே தெளிக்கத் தனியாக ஒரு காற்றழுத்தி வேறு வேண்டும். இதைச் சிறு பட்டறையில் எங்கே வைப்பது? பெரிய ஆலைகளும் மின் நிலையங்களும் கப்பல்களுமே அதை வாங்கின. 1912இல் டென்மார்க்கின் ‘செலாண்டியா’ கப்பல் டீசல் எஞ்சினால் கடல் கடந்து பாங்காக் வரை சென்றது. ஆனால் தச்சருக்கும் நெசவாளருக்கும் எஞ்சின் கிடைக்கவில்லை. 1903இல் தொழிலாளர் ஒருவருக்கொருவர் கைகோத்து வாழும் முறையை விளக்கி டீசல் எழுதிய நூலும் சில நூறு பிரதிகளே விற்றது. எஞ்சினைவிட அந்த நூலையே அவர் பெரிதாக மதித்தார் என்பர்.

1913 செப்டம்பர் 29ஆம் நாள் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் ‘டிரெஸ்டன்’ கப்பலில் ஏறி இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். இரவு உணவருந்தி, காலை ஆறேகால் மணிக்கு எழுப்பும்படி சொல்லிவிட்டு அறைக்குச் சென்றார். காலையில் அறை வெறுமையாக இருந்தது. சில நாட்களுக்குப் பின் கடலில் ஓர் உடலைக் கண்டெடுத்த டச்சு மாலுமிகள் அதிலிருந்த சில பொருள்களை மட்டும் எடுத்து வந்தனர். அவை தம் தந்தையுடையவை என மகன் அடையாளம் காட்டினார். அவருக்கு அப்போது வயது 55. அந்த இரவில் என்ன நேர்ந்தது என்பதை வரலாறு இன்றுவரை உறுதியாகச் சொல்லவில்லை. வீட்டாருக்கு எஞ்சியது கடன்தான்.

கனவு பலித்தது

ஆனால் தோழியரே, டீசலின் வரலாறு அந்தக் கடலோடு முடிந்துவிடவில்லை! ஜெர்மனியில் லோரான்ஜ் என்பவர் காற்றழுத்தி இல்லாமல் எண்ணெயைச் செலுத்தும் வழியை 1909இலேயே கண்டிருந்தார். 1927இல் ராபர்ட் பாஷ் நிறுவனம் எண்ணெய் செலுத்தும் பம்புகளைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கியது. எஞ்சின் சிறியதாக வழி பிறந்தது. 1930ஐ ஒட்டி இங்கிலாந்தின் டர்ஸ்லி ஊரில் லிஸ்டர் நிறுவனம், நிமிடத்துக்கு 600 சுற்று மட்டுமே நிதானமாகச் சுழலும் 5 குதிரைத்திறன் எஞ்சினை வெளியிட்டது. ஜப்பானில் யமாவோகா என்னும் உழவர் வீட்டுப் பிள்ளை, ஜெர்மனியில் டீசல் எஞ்சினைக் கண்டு திரும்பி, 1933இல் உழவருக்கேற்ற சிறு டீசல் எஞ்சினைச் செய்து முடித்தார்.

நம் நாட்டுக்கும் அவ்வகை எஞ்சின்கள் கப்பலேறி வந்தன. ஓட்டும் முறை எளிது. அழுத்தம் குறைக்கும் நெம்புகோலைத் தூக்கிவிட்டு, கைப்பிடியால் கனமான சக்கரத்தைச் சுற்றி, வேகம் வந்ததும் நெம்புகோலை விட்டால் போதும். ‘டுக், டுக்’ என்று புறப்பட்டுவிடும். எண்ணெயில் தூசியோ நீரோ கலவாமல் வடிகட்ட வேண்டும். குளிர்விக்கும் நீர் வற்றக் கூடாது. மசகெண்ணெயை உரிய காலத்தில் மாற்ற வேண்டும். இம்மூன்றையும் காத்தால் பல ஆண்டுகள் உழைக்கும்.

ஆனால் பழுதானால்? பிஸ்டன் வளையமும் எண்ணெய் தெளிக்கும் நாசிலும் வெளிநாட்டிலிருந்து வந்தாக வேண்டும். எண்ணெய் பம்பின் உள்ளே இருக்கும் தண்டுக்கும் குழலுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே. தண்டும் குழலும் இணை பிரியாதவை. ஒன்றை மட்டும் மாற்ற இயலாது. அதை உள்ளூர்க் கொல்லர் எப்படிச் செய்வார்? உதிரிப் பாகம் வரும் வரை எஞ்சின் நிற்கும். பயிர் அதுவரை காத்திருக்குமா? ஆகவே இறக்குமதியை நம்பியிருந்த வரை உழவருக்கு எஞ்சின் பாதிதான் சொந்தம். இந்நிலையை மாற்ற நம் நாட்டினர் முயன்றனர். 1946இல் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் நிறுவனம் பூனாவில் தோன்றியது. 1951இல் பாஷ் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் ‘மைகோ’ தொடங்கி, பம்புகளையும் நாசில்களையும் இங்கேயே செய்து தந்தது. குஜராத்தின் ராஜ்கோட் நகரத்துச் சிறு பட்டறைகள் லிஸ்டர் மாதிரி எஞ்சினையே வார்த்துக் கடைந்து உருவாக்கின. சிறு பட்டறைக்கென்று டீசல் கனவு கண்ட எஞ்சினைச் சிறு பட்டறைகளே செய்யும் காலம் வந்தது! டீசல் இருந்து பார்த்திருந்தால் அவர் உள்ளம் எவ்வளவு குளிர்ந்திருக்கும்!

முடிவுரை

1957இல் ஆக்ஸ்பர்க் நகரப் பூங்காவில் டீசல் நினைவாக ஒரு கல்தோட்டம் அமைக்கப்பட்டது. அதை அளித்தவர் மன்னருமல்லர், பெருங்கப்பல் முதலாளியுமல்லர். உழவருக்குச் சிறு எஞ்சின் செய்த அதே யமாவோகாதாம். ஜப்பானியக் கற்களைக் கடல் கடந்து கொண்டுவந்து அங்கே நிறுவினார். தாம் நினைத்த வேலையை முடித்து வைத்த ஒருவரிடமிருந்து டீசலுக்குக் கிடைத்த நன்றி அது.

நாம் தொடங்கும் நற்செயலின் பலனை நாமே காண வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். காணாவிட்டால் தோற்றுவிட்டதாக எண்ணி வருந்துகிறோம். டீசலும் அவ்வாறே வருந்தியிருக்கக் கூடும். ஆனால் அவர் தொடங்கியதை முன்பின் அறியாத மனிதர்கள், முன்பின் அறியாத நாடுகளில் முடித்தார்கள். நாமும் நம் பங்கைச் செம்மையாகச் செய்வோம். பிறர் தொடங்கி வைத்த நல்ல வேலை நம் கைக்கு வந்தால் அதை முடித்து வைக்கவும் தயங்காதிருப்போம்.