தேய்ந்த வார்த்தைகளைப் பிடித்த போலீஸ்காரர்

ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தா, நம்ம கை தானா டைப் பண்ற சில இங்கிலீஷ் வார்த்தைகள் இருக்கு. 'யூஸ்'னு போட்டா கெத்தா இல்லைன்னு 'யூட்டிலைஸ்'. ரெண்டே ரெண்டு டெஸ்ட் எடுத்திருப்போம், 'எக்ஸ்டென்சிவ் டெஸ்டிங்'னு எழுதுவோம். இதுல என்ன பெரிய தப்புன்னு தோணும். தப்புதான், சில சமயம் உயிரையே வாங்குற தப்பு என்று நம்பிய ஒருவரின் கதை இது.

எரிக் ஆர்தர் பிளேர் 1903 ஜூன் 25 அன்று பீகாரின் மோதிஹாரியில் பிறந்தார். அப்பாவுக்குப் பிரிட்டிஷ் அரசின் அபினித் துறையில் வேலை. கைக்குழந்தையாகவே அம்மாவோடு இங்கிலாந்து போய்விட்டார். ஈட்டன் பள்ளியில் படித்தார். காலேஜ் பக்கமே போகாமல் 1922-ல் பர்மாவில் போலீஸ் அதிகாரி ஆனார். சட்டம், ஒழுங்கு, பேரரசு என்ற பெரிய வார்த்தைகளுக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதைப் பக்கத்திலிருந்தே பார்த்தார். 1927-ல் லீவில் ஊருக்கு வந்தவர், திரும்பிப் போகவே இல்லை. வேலையை விட்டார். பாரிஸில் ஹோட்டலில் பாத்திரம் கழுவினார். அந்த அனுபவம் 1933-ல் புத்தகமானபோது வைத்துக்கொண்ட புனைபெயர்தான் ஜார்ஜ் ஆர்வெல்.

அடுத்தது ஸ்பெயின் உள்நாட்டுப் போர். பாசிசத்தை எதிர்த்துச் சண்டை போடப் போனவருக்கு 1937 மே மாதம் கழுத்தில் குண்டு பாய்ந்தது. எப்படியோ பிழைத்தார். ஆனா அதுக்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. அவர் இருந்த படைப்பிரிவையே பாசிஸ்ட் கைக்கூலி என்று முத்திரை குத்தினார்கள். மனைவியோடு எல்லை தாண்டித் தப்பினார். ஒரு வார்த்தையைத் தப்பாகப் பயன்படுத்தினால் ஆளையே ஜெயிலுக்கு அனுப்பலாம் என்பது அவருக்கு அங்கேதான் புரிந்தது.

1941 முதல் 1943 வரை பிபிசியில் இந்தியாவுக்கான ஒலிபரப்பில் வேலை பார்த்தார். 1945 மார்ச்சில் மனைவி இறந்தார். ஆகஸ்டில் 'விலங்குப் பண்ணை' வெளிவந்தது. 1946 ஏப்ரலில், அரசியலும் ஆங்கில மொழியும் பற்றி அந்தப் புகழ்பெற்ற கட்டுரை.

அதில், அச்சில் வந்த ஐந்து பத்திகளை எடுத்து அக்கக்காகப் பிரித்துப் போட்டார். 'டோ தி லைன்' என்றால் கோட்டில் கால்விரல் வைத்து நிற்பது. அதையே கயிறு கட்டி இழுக்கும் 'டோ' என்று ஸ்பெல்லிங் மாற்றி எழுதுகிறார்கள், அர்த்தமே யோசிக்கவில்லை என்றார். சுத்தியலுக்கும் ஆன்விலுக்கும் நடுவில் வரும் உவமையில் எப்பவும் ஆன்வில்தான் பாவம் என்பது போல எழுதுவார்கள். நிஜத்தில் உடைவது சுத்தியல்தான் என்றார். ஒர்க்‌ஷாப்பில் ஸ்மித்தி பண்ணினவங்களுக்கு இது தெரியும்!

ஆனா அவர் கோபம் கிராமரோடு நிற்கவில்லை. கிராமங்கள் மீது குண்டு வீசி, மக்களை விரட்டி, குடிசைகளை எரித்துவிட்டு, அதற்கு 'பாசிஃபிகேஷன்', அதாவது அமைதிப்படுத்துதல் என்று பெயர் வைக்கிறார்களே, அதுதான் அவரை உலுக்கியது. தேய்ந்துபோன வார்த்தை யோசிக்கும் வேலையை நம்மிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது, அந்த இடைவெளியில் பொய் நுழைகிறது என்பதே அவர் வாதம். தானும் அதே கட்டுரையில் அதே தப்புகளைச் செய்திருப்பேன் என்று ஒப்புக்கொள்ளவும் தயங்கவில்லை.

காசநோயோடு போராடிக்கொண்டே '1984' நாவலை முடித்தார். வருஷா வருஷம் அகராதியிலிருந்து வார்த்தைகளை வெட்டி, எதிர்த்து யோசிக்கவே முடியாமல் செய்யும் ஓர் அரசு அதில் வரும். 1949 ஜூனில் வெளியானது. 1950 ஜனவரி 21 அன்று லண்டன் மருத்துவமனையில் இறந்தார். வயது 46.

இப்போ யாருக்கு எது பிடிக்கலைன்னாலும் அதை 'ஆர்வெல்லியன்'னு சொல்லிடறாங்க. தேய்ந்த வார்த்தைகளோடு சண்டை போட்டவர் பேரும் தேய்ஞ்சு போச்சு!

அடுத்த ரிப்போர்ட்ல 'சிக்னிஃபிகன்ட் இம்ப்ரூவ்மென்ட்'னு டைப் பண்ணப் போறீங்களா? ஒரு நிமிஷம் நிறுத்துங்க. எத்தனை சதவீதம்னு மட்டும் எழுதுங்க. எழுத முடியலைன்னா, ரீடிங்கை ஒரு தடவை திரும்பப் பாருங்க.