சுவாமி சிவானந்தர்: போதிக்கும் முன்பு பயிற்சி செய்த மலாயா டாக்டர்

மாக் மண்டின் மாரியம்மன் கோயிலில் ஆன்மிகச் சொற்பொழிவு கேட்கும்போது, பேசுபவர் அதைக் கடைப்பிடிக்கிறாரா என்று யோசிச்சிருக்கீங்களா? அப்படின்னா சுவாமி சிவானந்தரைத் தெரிஞ்சுக்கோங்க.

1887-இல் தமிழ்நாட்டின் பத்தமடையில் பிறந்த குப்புசாமி, 1913-இல் மலாயா வந்தார். சிரம்பான் அருகே தோட்ட மருத்துவமனையிலும், பிறகு ஜொகூரிலும் வேலை பார்த்தார். நல்ல வருமானம். 1923-இல் எல்லாத்தையும் விட்டுட்டு இந்தியா திரும்பினார்.

1924-இல் ரிஷிகேஷில் துறவு பூண்டார். ஆனா, உடனே குருவாகிவிடவில்லை. பல ஆண்டுகள் தியானம், ஜபம், மௌனம். கூடவே, நோயுற்ற சாதுக்களுக்கு இலவச மருத்துவம். தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கியது 1936-இல்தான். 1963-இல் மறைந்தார்.

இன்று ஒரு கேமரா இருந்தா யாரும் குரு ஆகலாம். நீங்க ஒருவரைப் பின்தொடரும் முன், அவருடைய பயிற்சிக்கு எத்தனை வயசுன்னு பாருங்க.